பூத்த மரத்தைப் பூக்கவில்லை என்றேன்

இந்த வருஷம் பூத் திருவிழாவில் பார்லித் தண்ணீர் குடிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டுச் சபதம் எடுக்க எங்கள் வீட்டில் எனக்கு அனுமதி இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் என் கல்லீரலைப் பற்றி என்னிடம் சொல்லாமல் என் மனைவி மிட்சுயோவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, பேட்டையே கூடி செர்ரி மரத்தடியில் நீல விரிப்பு விரித்து சாக்கே பீப்பாயைத் திறக்கும்போது, என் பக்கத்தில் மிட்சுயோ உட்கார்ந்திருப்பாள். அவள் மடியில் ஒரு ஃபிளாஸ்க் உட்கார்ந்திருக்கும். அதற்குள் பார்லித் தண்ணீர். கண்ணெதிரே மது, கையில் மருந்து. கல்யாண வீட்டில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவனுக்குத்தான் என் நிலைமை புரியும்.

எங்கேயாவது ஒளிந்து குடிக்கலாமே என்பீர்கள். குடிக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது சாக்கே மட்டும் இல்லை, ஒகுமுராவும்தான். முப்பது வருஷமாக அந்த மரத்தடியில் நானும் அவனும் ஜோடி. மனைவி போனபின் தனியாகக் காலம் தள்ளியவன், ஏப்ரல் இரண்டாம் வாரம் நகோயா நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறான். பூவுக்கு அடியில் அவனோடு கடைசியாக ஒரு கோப்பை. அவ்வளவுதான் என் பேராசை.

தெய்வம் கண் திறந்தது. ஏப்ரல் முதல் ஞாயிறு மிட்சுயோ தன் பாட்டுக் குழுவோடு வெந்நீர் ஊற்றுக்குப் போவதாக ஏற்பாடு. இன்னொரு கண்ணையும் திறந்தது. சீட்டுக் குலுக்கலில் இந்த வருஷத்துப் பூ அறிவிப்பாளராக என் பெயர் வந்தது. பேட்டைச் சங்கத்தின் விதி சுலபமானது. சோமெய் யோஷினோ ஜாதிச் செர்ரியில், அதாவது பூங்காவில் நிற்கும் மூத்த மரத்தில், ஐந்து பூ விரிந்தால் அறிவிப்பாளர் "பூத்தது" என்பார். அதற்கடுத்த ஞாயிறு திருவிழா. ஆக, மரம் ஏப்ரல் பிறந்தபின் பூத்தால் போதும். பீப்பாய் இங்கே, ஃபிளாஸ்க் வெந்நீர் ஊற்றில்.

மரம் என்னைக் கேட்கவில்லை. மார்ச் கடைசி வாரத்திலேயே பூத்துவிட்டது. ஐந்தா? ஐம்பதுக்கு மேல். அறிவித்தால் இந்த ஞாயிறே திருவிழா. பக்கத்திலேயே மிட்சுயோ.

ஓடிப்போய் செர்ரி வகைகள் பற்றி ஒரு கையேடு வாங்கினேன். மூன்று பக்கம் படித்தேன். உலகத்தில் மூன்று பக்கம் படித்தவனைவிடப் பெரிய நிபுணன் கிடையாது.

மறுநாள் சங்கம் மரத்தடியில் கூடியது.

"பூத்தாச்சே, அறிவிச்சிடலாமா?" என்றார் தலைவி ஹதானோ அம்மா.

"அவசரப்படாதீங்க. விதியில சோமெய் யோஷினோ மரம்னு இருக்கு. இது அது இல்ல."

"பின்ன எது?"

"எடோஹிகான். பூவுக்கு அடியில பாருங்க, குடம் மாதிரி உப்பியிருக்கு. இது எப்பவுமே ஒரு வாரம் முந்திக்கிற ஜாதி. கணக்குல சேராது."

எல்லாரும் கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குடமும் தெரியவில்லை, ஒரு குடுவையும் தெரியவில்லை.

"ஏங்க," என்றாள் மிட்சுயோ. "முப்பது வருஷமா இதுக்கடியில உக்காந்து சாப்பிட்டிருக்கோம். இப்பத்தான் இதோட ஜாதி தெரிஞ்சுதா?"

"அறிவு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"வந்ததைப் பத்திச் சொல்றீங்களா, இனிமே வரப்போறதைப் பத்தியா?"

ஹதானோ அம்மா குறுக்கே வந்தார். "சரி, அப்ப அசல் மரம் எது?"

இதை நான் யோசிக்கவே இல்லை. அது நாலாம் பக்கத்தில் இருந்திருக்கும். விழித்தேன். அப்போது கை கொடுத்தவள் என் மனைவிதான்.

"சலவைக் கடை முன்னாடி ஒண்ணு நிக்குதே, அதுவா இருக்குமோ? அது இன்னும் பூக்கவே இல்ல."

"அதேதான்! கரெக்டாச் சொன்னே!"

"யோவ் குசகாபே," என்று ஒகுமுரா வாயைத் திறந்தான். "அந்த மரமா? அது வந்து..."

பாவி திட்டத்தைக் கெடுத்துவிடப் போகிறான் என்று அவன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். வாயை மூடிக்கொண்டான். ஹதானோ அம்மாவுக்கு இருமல் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் நாலைந்து பேருக்கும் வந்தது. மார்ச் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"நிபுணர் சொன்னாச் சரிதான்," என்றார் ஹதானோ அம்மா.

அந்த ஞாயிறு மூத்த மரம் பூத்த மாதிரி நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கிளை தெரியவில்லை, வானம் தெரியவில்லை. அத்தனை பூவுக்கும் அடியில் ஒரு விரிப்பு இல்லை. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், "சங்கம் இன்னும் அறிவிக்கலையே" என்றார்கள், போய்விட்டார்கள். எங்கள் பேட்டைக்காரர்கள் விதியை மதிப்பவர்கள். அந்த நல்ல குணத்தை அன்று முழுக்கச் சபித்தேன். ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று செருப்புக்கூட மாட்டினேன். பீப்பாய் ஞாபகம் வந்தது. கழற்றிவிட்டேன்.

"பாவம், தனியா நிக்குது," என்றாள் மிட்சுயோ ஜன்னலருகில் இருந்து.

"எடோஹிகான்தானே," என்றேன். சொன்ன வாய் எனக்கே கசந்தது.

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. ஞாயிறு காலை மிட்சுயோவின் பையை ரயில் நிலையம் வரை நானே தூக்கிப் போய் வழியனுப்பினேன். திரும்பும் வழியில் மூத்த மரத்தின் பூவெல்லாம் ரோட்டில் ஒட்டிக் கிடந்தது. மிதிக்காமல் நடக்க வழியில்லை. சலவைக் கடை மரத்தடிக்கு வந்தேன். மொட்டெல்லாம் கையை இறுக மூடிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட விரியவில்லை. பூ இல்லை, அறிவிப்பு இல்லை, திருவிழா இல்லை, பீப்பாயும் இல்லை.

ஒகுமுரா குடையோடு வந்து பக்கத்தில் நின்றான். இன்னும் கொஞ்சம் நொண்டினான்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன், காலை மிதிச்சிட்டே. இது அடுக்குச் செர்ரிய்யா. மத்த மரமெல்லாம் உதிர்ந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பூக்கும்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"வீங்கின காலோட நிபுணர்கிட்ட யாருய்யா வாதாடுறது?"

"சரி, வா. ஒரு பாட்டிலாவது வாங்கிட்டு வர்றேன்."

"வேணாம்யா. சாமானெல்லாம் கட்டியாச்சு. செவ்வாய்க்கிழமை வண்டி." மழையில் வழுவழுத்த ரோட்டைப் பார்த்தான். "அது எந்த ஜாதியா இருந்தா என்ன? போன ஞாயிறு பூத்து நின்னுச்சு. சும்மாவாவது ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் அடியில உக்காந்திருக்கலாம்."

செவ்வாய்க்கிழமை அவன் போய்விட்டான்.

சலவைக் கடை மரம் ஏப்ரல் பிற்பாதியில் பூத்தது. நான் அறிவித்தேன். திருவிழா அமர்க்களம். ஒவ்வொரு பூவும் ரோஜா மாதிரி அடுக்கடுக்காக, கிளையை வளைத்துக்கொண்டு தொங்கியது. இதமான வெயில். பெண்களில் ஒருவர்மேலும் கம்பளிக் கோட்டு இல்லை. பீப்பாயைத் திறந்தார்கள். மிட்சுயோ ஃபிளாஸ்கைத் திறந்தாள்.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"எது?"

"இது லேட்டாப் பூக்கிற மரம்னு."

"பேட்டையில பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். மார்ச் குளிர்ல தரையில உக்காந்து எங்களுக்கு இடுப்பே போச்சு. திருவிழாவைக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னு எத்தனை வருஷமாக் கேக்குறோம்! ஆம்பளைங்க விதி விதின்னு கத்துனீங்க. இந்த வருஷம் ஒரு ஆம்பளையே வந்து மரத்தை மாத்துறாரு. விடுவோமா?"

"நான் எதுக்கு மாத்தினேன்னும்..."

"வெந்நீர் ஊத்துக்கு என்னிக்குப் போறே, என்னிக்குப் போறேன்னு தினமும் கேட்டீங்களே, அப்பவே தெரியும்." பார்லித் தண்ணீரை ஊற்றி என் கையில் கொடுத்தாள். குரல் இறங்கியது. "ஒகுமுரா போறாருன்னு டாக்டர்கிட்டக் கேட்டு வெச்சிருந்தேங்க. அவரோட ஒரே ஒரு கோப்பை, பரவாயில்லன்னாரு. திருவிழா அன்னிக்கு நானே ஊத்திக் குடுக்கலாம்னு இருந்தேன். நீங்க மரத்தையே இல்லைன்னுட்டீங்க. எனக்கு வந்த கோவத்துல அவரை நினைக்கவே இல்ல. அது என் தப்புதான்."

பூங்காப் பக்கம் பார்த்தேன். மூத்த மரம் பச்சை இலையோடு, யாரோ போல நின்றது. முப்பது வருஷ உறவை ஒரு கோப்பைக்காக நான்தான் இல்லை என்று சொன்னேன். கோப்பையும் கிடைக்கவில்லை, ஒகுமுராவும் போய்விட்டான்.

"அந்த ஒரு கோப்பை," என்றேன் மெதுவாக. "இன்னிக்கு...?"

"அது ஒகுமுராவோடன்னுதான் டாக்டர் சொன்னாரு."

தூரத்தில் ஹதானோ அம்மா என்னைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார். பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத்தான்.

"சொல்ல மறந்துட்டேன்," என்றாள் மிட்சுயோ. "அடுத்த வருஷத்துல இருந்து சீட்டுக் குலுக்கலே கிடையாதாம், நீங்கதான் நிரந்தர அறிவிப்பாளர். எந்த மரம்னு நாங்க சொல்லிடுறோம், நீங்க பூத்துச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும்."