ஏழு நாள் ஈரம்

மேனேஜர் முதல் கடைசி ஆள் வரை எல்லோரும் திங்கட்கிழமையிலிருந்து ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று புனேயின் ஹிஞ்சேவாடி ஆபீசிலிருந்து மெயில் வந்தபோது, வாகட் பகுதியில் தன் வீட்டு மாடியில் லுங்கியோடு உட்கார்ந்திருந்த அச்சுதன் பதறவில்லை. ஆபீஸ் ஏழு கிலோமீட்டர்தான். காலை நெரிசலில் கிளம்பினால் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மழை பெய்தால் கணக்கே கிடையாது. ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்த உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. ஆனால் காரணமில்லாமல் வராதவர்களுக்கு வேலை இருக்காது என்றும் மெயிலின் கடைசி வரி சொன்னது.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். கேட்டிலிருந்து வாசற்படி வரை கார் ஏறிவரப் போட்டிருந்த கான்கிரீட் தளத்தில் குறுக்கே ஒரு விரிசல். அதைச் சரி செய்யச் சொல்லி மனைவி ப்ரீதி ஒரு வருடமாக மன்றாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அது அவன் காதில் விழுந்தது.

கட்கியிலிருந்து பவுன் வந்தார். மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக் கொத்தனார். விரிசலை அகலமாகக் கொத்தி, தூசி போகக் கழுவி, கலவையை அழுத்தி அடைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தினார்.

"ஏழு நாள் தண்ணி விடுங்க சார், பக்காவா இருக்கும். அதுவரைக்கும் வண்டி ஏத்தக் கூடாது," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அச்சுதன் அவரைக் கூப்பிட்டதே. கார் உள்ளே மாட்டிக்கொண்டதைப் படமெடுத்து மேனேஜர் அம்ருதாவுக்கு அனுப்பினான். ஒரு வாரம் அனுமதி கிடைத்தது.

ஏழாம் நாள் தளம் பாறையாக இறுகியிருந்தது. அதுதான் தொல்லை. ப்ரீதி காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, அச்சுதன் கடப்பாரையால் லேசாக ஒரு போடு போட்டான். கீபோர்டு தட்டிய கைக்கு லேசு எது, பலம் எது என்று தெரியவில்லை. ஒரு மூலையே பெயர்ந்து வந்தது.

மண் இறங்கிவிட்டது என்று பவுனிடம் கூசாமல் சொன்னான். பவுன் பெயர்ந்த இடத்தைப் பார்த்தார், அவன் உள்ளங்கைக் கொப்புளத்தையும் பார்த்தார். பெரிய மனுஷன், டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

இந்த முறை அம்ருதா, கம்பெனி கேப் வாசலுக்கே வரும் என்று சொல்லிவிட்டாள். அச்சுதன் அசரவில்லை. கேட்டிலிருந்து படி வரை தளம் முழுவதற்கும் புதுப் பூச்சுப் போடச் சொன்னான். கேப் கேட் வரை வரலாம். இவன் கேட் வரை போக முடியாது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

ப்ரீதியும் அதே வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போக வேண்டும் என்பதை அந்த மூளை யோசிக்கவில்லை. ஸ்கூட்டியும் உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் ஸ்டூல் போட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டினாள். பால் பாக்கெட்டும் கொத்தமல்லியும் அதே சுவர் வழியாக வந்தன.

"நான் சுவர் ஏறிக் குதிக்கிறதை ஏழாவது பி பசங்க பாத்துட்டாங்க அச்சு," என்றாள் அவள், புடவையில் ஒட்டிய பாசியைத் தட்டியபடி. "இன்னொரு சிமெண்ட் மூட்டை இங்க வந்துச்சுன்னா உன் மேனேஜருக்கு நானே போன் பண்ணுவேன்."

அதற்கு அவசியம் இருக்கவில்லை. மறுநாள் அம்ருதாவே வீடியோவில் வந்து தளத்தைக் காட்டச் சொன்னாள். அச்சுதன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் முழுக்கக் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொத்தனாரின் நம்பர் கேட்டாள்.

கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும். கொடுத்தால் கொப்புளம் வரை வெளியே வரும். அச்சுதன் கொடுத்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் பவுன் போனையே எடுக்கவில்லை. அச்சுதன் பயந்தேவிட்டான், பழைய ஆபீஸ் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டு வைத்தான். வேலை போவதற்குள் ஒருநாளாவது போய்த் தலையைக் காட்டிவிடலாம் என்று இருந்தது.

மூன்றாம் நாள், பூச்சின் ஏழு நாள் கெடு முடிய, பவுன் சாக்குகளை எடுத்துப் போக வந்தார். பாணேரில் இருக்கும் அம்ருதா மேடத்தின் வீட்டுக்கே போய்விட்டு வருவதாகச் சொன்னார்.

அச்சுதன் குரலைத் தாழ்த்தினான். "கடப்பாரையைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

பவுன் சாக்கை உதறி நிதானமாக மடித்தார்.

"கேட்டாங்க சார். அவங்க வீட்டுத் தளத்துல ஒரு கீறல்கூட இல்ல. எந்த இடத்துல கடப்பாரையைப் போட்டா ஒரு மாசத்துக்குக் குறையாம வேலை வரும்னு கேட்டாங்க."