நூற்றில் ஒருவர்

"கைக்குதோ, ஐயா?"

பொன்னையா கடதாசித் துண்டை மென்றார். கண்ணில் நீர் முட்டியது. "இல்லைப் பிள்ளை. நல்லாயிருக்கு."

பல்கலைக்கழக மாணவி பிரியந்தினி கொப்பியில் 'இல்லை' என்று எழுதினாள். ஆய்வுக்காகப் பூவரசங்குளத்தில் நூறு பேருக்கு, பரம்பரையைப் பொறுத்துச் சிலருக்கு மட்டும் கைக்கிற மருந்து தோய்த்த கடதாசி கொடுத்தாயிற்று. எண்பத்தொரு பேருக்குக் கைக்கவில்லையாம். கைப்பை உணராதவரிடம் அந்த மரபணுவின் பின்னிடைவான வடிவம், அதாவது எதிருரு, இரண்டு இருக்கும். நூற்றில் அவர்களுடைய பங்குக்கு வர்க்கமூலம் எடுத்தால், ஊரில் அந்த எதிருரு எவ்வளவு பரவியிருக்கிறது என்கிற மீடிறன் வரும். 0.9 வந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத எண்.

"கம்பஸ் பிள்ளை வீடு தேடி வந்து தந்தது. கைக்குதெண்டு முகத்துக்கு நேர சொல்லேலுமோ?" என்று அவளிடமே சொன்னாள் தேத்தண்ணிக் கடை மீனம்மா.

மறுகிழமை பிரியந்தினி வீடு வீடாகப் போய் விளக்கினாள். "கைச்சால் கைக்குதெண்டே சொல்லுங்கோ. எனக்கு அதுதான் வேணும்."

அதுதான் வேண்டும் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. கடதாசி நாக்கில் படமுன்னமே, "ஐயோ, வேப்பங்காய்!" என்றார் பொன்னையா. தொண்ணூற்றொன்பது பேருக்குக் கைத்தது. மீடிறன் 0.1.

அந்த எண்ணைத் தனியாகத் தாங்கி நின்றவன் சைக்கிள் கடைச் சுதாகரன். இரண்டு முறையும் ஒரே பதில். "இல்லை மிஸ். கைக்கேல்லை."

ஊரில் உண்மை பேசுகிற ஒரே ஆள். உறுதிப்படுத்த வேண்டாமா? மூன்றாம் முறை போனாள். நான்காம், ஐந்தாம் முறையும். அவன் ஒயில் படிந்த கையைத் துடைத்து, கதிரையைத் தட்டி வைப்பான். மெதுவாக மெல்லுவான். அவ்வளவு நேரமும் மணிக்கூட்டைப் பார்க்கிற சாட்டில் அவன் முகத்தைப் பார்க்கலாம். இன்றைக்கு வேறேதாவது சொல்லுவான் என்று நினைப்பாள். "இல்லை மிஸ்" என்பான். எழுதிக்கொண்டு போவாள்.

ஆய்வின் கடைசி நாள். இனி இந்த ஊருக்கு வர ஒரு காரணமும் இல்லை. அவன் கடை வாசலில் பையைத் துழாவினாள். கடதாசி முடிந்திருந்தது. அவன் கை துடைக்கிற நேரத்தில், கொப்பியின் ஓரத்தைக் கிழித்தாள். வெறும் வெள்ளைத் துண்டு.

அவன் வாயில் போட்டான். மெல்வது நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லை மிஸ்."

"கடைசியாக் கேக்கிறன். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஓம் மிஸ். கைக்கவே இல்லை." முதன்முறையாகச் சிரித்தான்.

அவள் எழுதவில்லை. கொப்பியை மூடிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றவளை மீனம்மா கூப்பிட்டாள்.

"பிள்ளை, இண்டைக்கு அவனுக்கு என்னத்தைக் குடுத்தனீ? ஒவ்வொருமுறையும் நீ போன உடன ஓடிவந்து ஒரு கரண்டி சீனியை வாயில போடுறவன், இண்டைக்கு வேண்டாமெண்டிட்டான்!"