குத்பாவை நிறுத்திய தோணி

இடது முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இல்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி எனக்கு வெட்கமே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சுத்தப் பொய். வெட்கம் இல்லாதவன் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கடலில் தோணி இறக்கமாட்டான்.

கல்முனைக்குடிக் கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. மற்ற நாட்களில் ஒரு தோணியை இறக்கவும் ஏற்றவும் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுப்பார்கள். இன்று என் தோணிக்கு நீ, நாளை உன் தோணிக்கு நான். கறிக்கு நாலு மீனும் கிடைக்கும். என்னால் இனி எவருடைய தோணியையும் தள்ள முடியாது. அப்படியிருக்க என் தோணிக்கு மட்டும் எந்த முகத்தோடு ஆள் கூப்பிடுவது? (கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். அது தெரிந்துதான் கூப்பிடவில்லை. அந்த வயதில் என் மூளை அப்படி வேலை செய்தது. அந்த வயது என்றால் ஐம்பத்திரண்டு.)

ஆகவே ஒரு ட்ரெய்லர் செய்வித்தேன். பழைய கார் அச்சு, இரண்டு சக்கரம், முன்னால் கையால் சுற்றிக் கயிறு இழுக்கும் வின்ச். என் சின்ன ஃபைபர் தோணி அதில் ஏறி உட்காரும். இழுக்க மாமனாரின் பழைய உழவு மெசின், ட்ராக்டர்தான். ஓட்ட என் மனைவி பரீதா. அவள் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்த குடும்பத்துப் பெண். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு மெசினைப் பின்னுக்கு எடுப்பாள்.

“ஆக்களக் கூப்பிடாம இறக்கி ஏத்திக் காட்டுங்க,” என்றாள். “ஏலாட்டி தோணிய வித்துப் போடுவம். பொறகு கதையில்ல.”

“ஓம்,” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்த ஓமில் தொங்கியது.

காலையில் அவள் இடுப்பில் கட்டும் சாரனை எடுத்து வைத்தாள். நான் பொய்க்காலை மறைக்க நீளக் காற்சட்டை போட்டேன். “ஆரு பாக்கப் போறா?” என்று கேட்டாள். ஆளில்லாத கரையில் யாருக்கு மறைத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இறக்கியது அழகாக நடந்தது. நான் தோணிக்குள் இருந்தேன். பரீதா அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெசினைப் பின்னுக்கு விட்டாள். ட்ரெய்லர் தண்ணீருக்குள் போனது, தோணி தானாக மிதந்தது. பதினொரு மணிக்குத் திரும்புவதாகப் பேச்சு. ஆனால் கடலில் கால் தேவையில்லை. அங்கே நான் முழு ஆள். அந்தச் சந்தோசத்தில் பன்னிரண்டு தாண்டியதைக் கவனிக்கவில்லை.

திரும்பியபோது பாங்கு சொல்லி முடிந்திருந்தது. காற்று ஏறியிருந்தது. கரையில் நின்ற பரீதாவின் முகம் கறுத்திருந்தது. ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டாள். கயிற்றுக் கொளுக்கியைத் தோணியில் மாட்ட நான் இறங்கினேன். பொய்க்கால் ஈரமணலில் புதைந்தது. அடுத்த அலை தோணியை ட்ரெய்லரில் அரைவாசி ஏற்றி, ட்ரெய்லரைச் சரித்து, ஒரு சக்கரத்தை என் பொய்க்காலின் மேல் இருத்தியது. நான் மல்லாக்க விழுந்தேன். மெசின் இருமி நின்றது, பிறகு கிளம்பவில்லை.

வலிக்கவில்லை. வலிக்க அங்கே என்ன இருக்கிறது? அதனால் முதலில் சிரித்தேன். அடுத்த அலை சிரித்த வாய்க்குள் போனது.

காலைக் கழற்றினால் தப்பலாம். வார்கள் முழங்காலுக்கு மேலே, நனைந்து இறுகிய காற்சட்டைக்கு உள்ளே. சாரன் என்றால் ஒரு நிமிட வேலை. பரீதா தண்ணீருக்குள் பாய்ந்து காற்சட்டையை இழுத்தாள், இறங்கவில்லை. பல்லால் கிழிக்கப் பார்த்தாள். ஒவ்வோர் அலைக்கும் என் தலை உள்ளே போய் வந்தது. கடைசி நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் உப்புத் தண்ணீர். உயிர் போகப் போகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. அப்படிப் பயந்ததே இல்லை.

“தலையத் தூக்கிக்கொண்டு இரிங்க!” என்று கத்திவிட்டுப் பரீதா கரையோரப் பள்ளிவாசலுக்கு ஓடினாள்.

அங்கே நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் அறிந்தேன். ஜும்ஆத் தொழுகைக்கு முந்திய குத்பா உரை நடக்கும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. பக்கத்தில் பேசுகிறவனைப் ‘பேசாதே’ என்று அடக்குவதற்குக்கூடத் திறக்கக்கூடாது. பரீதா கேற்றில் நின்று, “என்ட மனிசன் கடலுக்குள்ள மாட்டிட்டாரு, ஓடி வாங்க!” என்று கத்தியிருக்கிறாள். கடைசி வரிசை ஒருவரையொருவர் பார்த்தது. எழும்பலாமா என்று கேட்கவும் வாய் திறக்க வேண்டுமே! எவரும் அசையவில்லை. அவள் இரண்டாம் தரம் கத்தினாள்.

“அவரு மௌத்தாகிட்டாரு!”

மௌலவி உரையை நிறுத்தினார். “பின்னுக்கு இரிக்கிற ரெண்டு வரிசையும் போங்க,” என்றார். போனது இரண்டு வரிசையல்ல.

வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக எண்பது பேர், மரணச் செய்தி கேட்டால் சொல்லும் ‘இன்னாலில்லாஹி’யைச் சொல்லிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தார்கள். நான் மூக்கால் தண்ணீர் விட்டபடி, “என்ஜின் கவனம்!” என்றேன். (மையத்து பேசிய முதல் வார்த்தை.) கத்தியால் காற்சட்டையைக் கிழித்து, வாரை அறுத்து, என்னைக் கரையில் போட்டார்கள். தோணியையும் ஏற்றினார்கள். கால் கடலோடு போனது.

எனக்கு அண்ணன் முறையான அயல்வீட்டுக் காதர் காக்கா நெஞ்சுவரை நனைந்து நின்றார்.

“எங்களக் கூப்பிட ஒனக்கு என்னடா நோவு?”

“நான் உங்கட தோணியத் தள்ள வாறல்லயே, காக்கா.”

“தள்ள வா எண்டு ஆருடா கேட்ட?”

அத்தனை பேருக்கு முன்னால், ஒற்றைக் காலும் அரைக் காற்சட்டையுமாக உட்கார்ந்து அழுதேன்.

நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை என்று பின்னால் வாதாடியும் பார்த்தேன். நோயாளிக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்டார்கள். நாலாம் நாள் பொய்க்கால், மாட்டியிருந்த சப்பாத்தோடு தெற்கே விநாயகபுரத்தில் கரையொதுங்க, அந்த ஊரே பதறியதாம். எடுக்கப் போனபோது பொலிஸ்காரர் கேட்டார்: “கால் உங்கடயா?” “ஓம்.” “அப்ப ஆள் எங்க?” “நான்தான்.”

பேச்சுப்படி தோணியை விற்றிருக்க வேண்டும். பரீதா ட்ரெய்லரை விற்றாள். இப்போது தோணியை ஆட்கள்தான் தள்ளுகிறார்கள். நான் உள்ளே இருந்து போகிறேன், வந்து கறிக்கு மீன் கொடுக்கிறேன்.

வீட்டில் நான் எதையாவது தனியாகத் தூக்கப் போனால், “வாப்பா, குத்பாவ நிப்பாட்டவா?” என்று மகள் கேட்பாள். பெருநாளுக்குச் சொந்தங்கள் கூடினால் இந்தக் கதை கட்டாயம் வரும். பரீதாதான் சொல்வாள். நான் தண்ணீர் குடித்த விதத்தை நடித்தே காட்டுவாள், சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆனால் கேற்றடியில் இரண்டாம் தரம் என்ன கத்தினாள் என்பதை மட்டும் அவள் சொன்னதில்லை. அதைப் பிள்ளைகள்தான் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.