சாய்தளத்தில் ஒரு குடை

நடக்க இயலாதவர்களின் வாழ்வில் ஒளியேற்றுவது என்று அரசு ஒரு நல்ல நாளில் முடிவு செய்தது. ஒளியை ஏற்ற ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் அணுகல் வசதி மேம்பாட்டு அலுவலகம் திறக்கப்பட்டது. ஊரில் உள்ள பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி ஏறிப் போகச் சாய்தளம் இருக்கிறதா என்று பார்ப்பதும், இல்லாவிட்டால் அதற்காக வருந்துவதும் அதன் பணி.

மழைக்காலத்தில் ரோட்டில் ஓடும் தண்ணீர் கோப்புகளைத் தொட்டுவிடக் கூடாது என்ற தொலைநோக்கோடு, கட்டடத்தை இடுப்பு உயர மேடையின் மேல் எழுப்பினார்கள். மேடைக்குச் செங்குத்தாகப் படிகள் வைத்தார்கள். கைப்பிடி வைக்கவில்லை. கைப்பிடி இருந்தால் கட்டடத்தின் கம்பீரம் குறையும் என்று பொறியாளர் கருதினார்.

இந்த அலுவலகத்தில்தான் சாராளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது.

செய்தியைக் கேட்டதும் தொழிற்சங்கத் தலைவர் தேசப்பனுக்குத் தன் சொந்த மகளுக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது. தொழிற்பேட்டையில் அவர் நின்று முழங்காத கம்பெனி வாசல் இல்லை. ‘உடனே’ என்ற சொல் இல்லாமல் ஒரு துண்டறிக்கை எழுதியதில்லை. சாராள் வேலை பார்த்த தொழிற்சாலையில் தகட்டுக் கட்டு சரிந்து அவள் இரண்டு காலும் செயலிழந்தபோது, நிர்வாகம் ஒரு பழக்கூடை கொடுத்து ஒரு போட்டோ எடுத்து விவகாரத்தை முடிக்கப் பார்த்தது. முடிக்க விடாமல் செய்தவர் தேசப்பன். அதன் பிறகு படுக்கையில் இருந்தே படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் சாராள். அந்த இரண்டாவது விஷயத்தில் தேசப்பனுக்குப் பங்கில்லை. ஆனால் மேடையில் பேசும்போது இரண்டையும் சேர்த்துத்தான் பேசுவார்.

பணியில் சேரும் நாளன்று ஷேர் ஆட்டோவில் அவளையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு வந்து அலுவலக வாசலில் இறக்கினார். கண்காணிப்பாளர் சரவணகுமார் வெளியே வந்து படியின் உச்சியில் நின்று கும்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை, யாருக்கும் எதுவும் செய்ததுமில்லை.

“வாங்க மேடம். உங்களுக்காகத்தான் சீட்டு காத்துக்கினு இருக்குது. மேல வாங்க.”

“எப்படி சார் வர்றது?”

சரவணகுமார் படியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். “அடடா. இது நம்ம துறை சம்பந்தப்பட்ட விஷயமாச்சே.”

“கையெழுத்த இங்கயே போட்டுடறேன் சார். நோட்ட எடுத்தாங்க.”

“நோட்டெல்லாம் பழைய காலம் மேடம். இப்ப விரல் ரேகை மெஷின். உள்ள சுவத்துல மாட்டியிருக்கு.”

“கயட்டினு வாங்க” என்றார் தேசப்பன்.

“கழட்டினா வாரண்டி போயிடும் தோழர்.”

“அப்ப ஒரு சாய்தளம் போடுங்க.”

“போடலாமே. தாராளமா போடலாம். அணுகல் பிரிவு உதவியாளர் ஒரு குறிப்பு எழுதி மேல அனுப்பணும், அவ்ளோதான்.”

“அந்த உதவியாளர் எங்க?”

சரவணகுமார் இரண்டு கைகளாலும் மரியாதையோடு சாராளைக் காட்டினார். “இவங்கதான்.”

“குடுங்க சார், இப்பவே எழுதறேன்” என்றாள் சாராள்.

“பணியில சேராதவங்க எப்படி மேடம் குறிப்பு எழுத முடியும்?”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேசப்பன் தேடினார். இல்லை. எவர்சில்வர் குடம் மாதிரி வழவழவென்று இருந்தது.

“இன்னொரு தகவல்” என்றார் சரவணகுமார். “மாசக் கடைசிக்குள்ள சேரலன்னா நியமன ஆணை தானாவே ரத்தாயிடும். மிரட்டறேன்னு நினைக்காதீங்க. நாலு ஆள விட்டு நாற்காலியோட தூக்கிடவா?”

“பொணத்தத்தான் சார் நாலு பேர் தூக்கினு போவாங்க” என்றாள் சாராள். “நான் வேலைக்கு வர்றேன்.”

திரும்பும் வழியெல்லாம் தேசப்பன் தர்ணாவைப் பற்றியே பேசினார். பந்தல், மைக், துண்டறிக்கைத் தலைப்பு எல்லாம் தயார். சாராள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவரை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

“நைனா, உன் தர்ணா சூடு புடிக்கறதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும். நம்ம ஜெபாகிட்ட சொல்லு.”

ஜெபா அவள் தம்பி. கம்பெனிகளில் இருந்து கப்பலுக்குப் போகும் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் ஷெட்டில் தச்சன். வெயிலையும் மழையையும் உப்புக் காற்றையும் தாங்கும் பெட்டி செய்கிற கை. ஒரு வாரத்தில் சாய்தளம் தயாரானது. கால்களை மண்ணில் ஊன்றாமல் சிமென்ட் கட்டைகளின் மேல் உட்கார வைத்தான். மண் பட்டால் கரையான் வரும் என்றான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு சந்து விட்டான், மழைத் தண்ணீர் தேங்காமல் விழ. அறுத்த முனைகளுக்கெல்லாம் எண்ணெய் தடவினான். ஆணி வேண்டாம், ஆடி ஆடிக் கழன்றுவிடும் என்று போல்ட் போட்டான். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மணல் தூவி, சக்கரம் வழுக்காமல் சொரசொரப்பாக்கினான். இரண்டு ஓரமும் சக்கரம் தாண்டி விழாமல் தடுப்புக் கட்டை. சரிவு செங்குத்தாக இருந்தால் ஏறுகிறவள் கை விட்டுப் போகும் என்று, சுவரை ஒட்டி நீளமாக ஓடவிட்டு, நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம் வைத்து, திருப்பி, வாசலில் கொண்டு சேர்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் வைத்தார்கள். பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றார் ஆட்டோக்காரர். ஜெபம் பண்ண வேண்டும் என்றான் ஜெபா. பகுத்தறிவாளரான தேசப்பன் இரண்டையும் கண்டித்துவிட்டு, இரண்டும் முடியும் வரை தள்ளி நின்று பீடி பிடித்தார்.

திங்கட்கிழமை காலை அலுவலகமே மலர்ந்தது. துப்புரவுப் பணியாளர் கங்கம்மா தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு ஏறினாள். டீ கொண்டு வருகிறவர் சைக்கிளோடு ஏறினார். மூட்டு வலிக்காரரான சரவணகுமார், “பரவாயில்லையே, ஜம்முனு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். படிகள் காலியாகக் கிடந்தன.

அதன் பிறகு சாராள் வந்தாள். அவளுடைய சக்கரம் கண்ணில் பட்டதும்தான் சரவணகுமாருக்கு இது அரசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பது நினைவுக்கு வந்தது. அதுவரை பலகையாக இருந்தது, அந்த நொடியில் கட்டுமானம் ஆயிற்று.

“இத தரையில பதிச்சிருக்கீங்களா?”

“இல்ல சார், சும்மா ஒக்கார வச்சிக்கிறோம்” என்றான் ஜெபா.

“அப்ப கட்டுமானம் இல்ல. தளவாடம். தளவாடத்துக்கு அதுல போட்டிருக்கிற குறியீடு பொருந்தும்.” சுற்றி வந்தவர் அடிப்பக்கத்துத் தடுப்புக் கட்டை அருகே நின்றார். “இது இன்னா?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்பு மையில் வரிசையாக மூன்று படங்கள். ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை, மேல் நோக்கி ஓர் அம்பு.

ஜெபா நாக்கைக் கடித்துக்கொண்டான். “பழக்க தோஷம் சார். பெட்டி முடிஞ்சா கை தானா ஸ்டென்சில் தகட்ட எடுத்து அச்சு வச்சிடும். கப்பல்காரங்களுக்குப் போடறது.”

“உலகம் பூரா செல்லுபடி ஆகிற குறியீட்டப் பழக்க தோஷம்னு ஒதுக்க எனக்கு அதிகாரம் இல்ல தம்பி. குடைன்னா நனையக் கூடாது. கோப்பைன்னா உடையக்கூடிய பொருள், பாரம் ஏத்தக் கூடாது. கங்கம்மா, தார்ப்பாய் எடுத்தா.”

வெளியில், மழையில், காலத்துக்கும் நிற்பதற்கென்றே செய்த சாய்தளத்தின் மேல் நீலத் தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டினார்கள். நீடித்து உழைக்க வேண்டிய பொருள் உழைக்க ஆரம்பித்தால் நீடிக்காது என்பதைச் சரவணகுமார் அன்போடு விளக்கினார். மாதம் முடிய மிச்சம் இருந்தது சொற்ப நாட்கள். சாராள் நாற்காலியின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தேசப்பனின் நாற்பதாண்டுப் போராட்ட மூளை விழித்துக்கொண்டது.

“சார், குறியீடு குறியீடுதானே?”

“சந்தேகமே இல்ல.”

“ரெண்டு குறியீட்டப் படிச்சீங்க. மூணாவது இன்னா சொல்லுது? அம்பு எந்தப் பக்கம் காட்டுது?”

சரவணகுமார் குனிந்தார். “மேல.”

“மேல போவணும்னு உலகம் பூரா செல்லுபடி ஆகிற உத்தரவு. ஒரு குறியீட்ட அமல்படுத்தி இன்னொண்ண நிறுத்தி வைக்க உங்களுக்கு அதிகாரம் கீதா?”

அதிகாரம் என்ற சொல் கேட்டதும் சரவணகுமாருக்கு வியர்த்தது. யோசித்தார். “மேல போறது கட்டாயம்னுதான் ஆகுது” என்றார்.

தார்ப்பாய் அவிழ்ந்தது. சாராள் கையால் சக்கரத்தைத் தள்ளி, நடுச் சமதளத்தில் ஒரு மூச்சு விட்டு, தானே ஏறி, சுவரில் இருந்த மெஷினில் விரலை வைத்தாள். மெஷின் நன்றி சொன்னது. தேசப்பன் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். ஓர் அம்புக்குறியை வைத்து ஓர் அரசையே பணிய வைத்த வரலாறு உண்டா என்று ஆட்டோக்காரரைக் கேட்டார். ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அலுவலகம் முடியும் நேரத்தில் தேசப்பன் பூமாலையும் தோழர்களுமாகத் திரும்பி வந்தார். சாராள் வாசலுக்கு வந்துவிட்டாள். சரவணகுமார் அவள் முன்னால் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மன்னிக்கணும் மேடம். அம்பு மேல போகச் சொல்லுது. கீழ வர்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. காலையில தோழர்தான் சட்டத்த விளக்கினாரு.”

சாராள் தேசப்பனைப் பார்த்தாள். தேசப்பன் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

“சரி சார்” என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இனித் தர்ணாதான். தடுக்க யாருமில்லை. ரோட்டைப் பார்த்த மாதிரி, போட்டோவுக்கு வெளிச்சம் விழுகிற மாதிரி, தேசப்பன் சாய்தளத்தின் மேலிருந்து கீழ்வரை தோழர்களை உட்கார வைத்தார். தான் நடுச் சமதளத்தில் சம்மணமிட்டு அமர்ந்தார். “இறக்கிவிடு, இறக்கிவிடு, சாராளை இறக்கிவிடு” என்ற முழக்கம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. தலைக்கு மேல் ஜன்னல். உள்ளே நடந்த பேச்சு, முழக்கத்துக்கு நடுவே துண்டு துண்டாக அவர் காதில் விழுந்தது.

“பூட்டணும் சார், எனக்கு ஊட்டுக்குப் போவணும்” என்றாள் கங்கம்மா.

“பூட்டிக்கோயேன்” என்றார் சரவணகுமார்.

“உள்ள ஆள வச்சினு எப்படிப் பூட்றது? அப்புறம் ஆபீசுக்குள்ள ஆள அடைச்சாங்கன்னு உங்க பேர்ல கேஸ் வரும். பூட்டாம நீங்களும் போவக் கூடாது. நீங்க போட்ட ரூலுதான்.”

ஸ்டேஷனில் மின்சார ரயில் ஊதும் சத்தம் கேட்டது.

“மேடம், அது என் வண்டி” என்றார் சரவணகுமார். குரல் இளகியிருந்தது. “நீங்க அணுகல் பிரிவு உதவியாளர். இறங்க அனுமதிக்கலாம்னு ஒரு வரிக் குறிப்பு எழுதிடுங்களேன்.”

“எழுதலாமே சார்” என்றாள் சாராள். “தாராளமா எழுதலாம். ஆனா ஆபீஸ் நேரம் முடிஞ்சிடுச்சே. நாளைக்கு வாங்க.”

வெளியே தேசப்பனுக்குப் புல்லரித்தது. ஒரே நாளில் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

கடைசியில், அக்காவைக் கூட்டிப்போகக் கருவிப் பையோடு வந்திருந்த ஜெபாவைச் சரவணகுமாரே கூப்பிட்டார். “தம்பி, கீழ பாக்கிற அம்பு ஒண்ணு இருக்குதா?”

“இல்ல சார். கப்பல்ல எதையும் கவுத்து வைக்க மாட்டாங்க. வேணும்னா இதே தகட்டத் தலைகீழா வச்சி அடிக்கறேன்.”

அடித்தான். மூன்று படமும் ஒரே தகட்டில் இருந்ததால் மூன்றும் கவிழ்ந்தன. வாசல் பக்கத்துத் தடுப்புக் கட்டையில் குனிந்து சரவணகுமார் ஒவ்வொன்றாகப் படித்தார். “அம்பு கீழ. இறங்கலாம். குடை கவுந்திருக்கு. நனையலாம். கோப்பை கவுந்திருக்கு. இனி சிந்த ஒண்ணுமில்ல. முழுத் திருப்தி.” நிமிர்ந்தவர் முகத்தில், பெரிய சீர்திருத்தம் ஒன்றைச் செய்து முடித்த நிம்மதி. “வாங்க மேடம், இறங்கலாம்.”

சாராள் வாசலுக்கு வந்தாள். சாய்தளம் முழுக்கத் தலைகள். இத்தனை பேர் பாரத்துக்கும் பலகை ஒரு முனகல் முனகவில்லை என்று ஜெபா தடுப்புக் கட்டையைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

தேசப்பன் பேசிக்கொண்டிருந்தார். தொழிலாளியின் பாதையை மறித்து நிற்கும் சக்திகளைப் பற்றிய கட்டம்.

“நைனா, எழுந்திரு.”

“கோரிக்கை நிறைவேறாம எழுந்திருக்க மாட்டோம்மா. நீ கவலப்படாத.”

“உன் கோரிக்கை இன்னா?”

“நீ இறங்கணும்.”

“அப்ப எழுந்திரு.”

தோழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேசப்பன் யோசித்தார். இத்தனை வருடங்களில் கோரிக்கை நிறைவேறி அவர் எழுந்ததே கிடையாது. போலீஸ் தூக்கித்தான் பழக்கம். “முடிவுரைக்கு வந்துட்டேன், கொஞ்சம் பொறு” என்றார்.

“உன் முடிவுரை எனக்குத் தெரியாதா? சாரோட அடுத்த வண்டியும் போயிடும் நைனா.”

சரவணகுமார் நன்றியோடு தலையாட்டினார். தோழர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒதுங்கினார்கள். தேசப்பனும் எழப் பார்த்தார். முடியவில்லை. சம்மணமிட்ட கால்கள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. கையை ஊன்றினார், திரும்ப உட்கார்ந்தார்.

கண்காணிப்பாளரும் ஜெபாவும் இரண்டு தோழர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைத் தூக்கினார்கள். நாலு பேர் தோளில் வாசல் வழியாகப் போய், காலியாகக் கிடந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கும்போதும் அவர் முடிவுரையை நிறுத்தவில்லை.

மறுபக்கம் சாராள் சக்கரத்தைக் கையால் மெல்லப் பிடித்துப் பிடித்து, அலுங்காமல் கீழே வந்து சேர்ந்தாள். படியடியில் இறக்கி வைக்கப்பட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அருகே நாற்காலியை நிறுத்தினாள்.

“நாளைக்குக் காலைல எனக்கு ஆபீஸ் கீது நைனா. போராட்டம்னா படியில ஒக்காரு. அதுல இப்ப யாரும் போறதில்ல.”