மண்ணூர் பஸ் ஏன் லேட்?

ஒரகடம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் வேர்க்கடலை சாரைப் போல இன்னொரு புரொடக்‌ஷன் மேனேஜர் கிடைக்க மாட்டார். தலைவலி வந்தால் நாமெல்லாம் மாத்திரை தேடுவோம். அவர், தலை ஏன் வலிக்க வேண்டும் என்று முப்பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார். எந்தக் கோளாறானாலும், “வேரப் புடிங்கம்மா, வேர!” என்பார். அதனால் வந்த பட்டப்பெயர். அது காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. ‘இந்தப் பேரு ஏன் வந்துச்சு?’ என்று ஒரு மீட்டிங் போட்டார்.

காருக்குக் கண்ணாடி செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் லைன் சூப்பர்வைசர். ஒரு மழைநாளில் சரியாக அவர் டேபிளுக்கு மேலே கூரை ஒழுகியது. நான் பக்கெட் வைத்தேன். சார் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

“பக்கெட் வெச்சா ஓட்டைக்குத் தைரியம் வந்துடும்மா.”

குடையைப் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். மழை விட்டதும் கூரைமேல் ஏறினார். அங்கே தட்டு நிறைய மோர்மிளகாய் நனைந்து கிடந்தது. கேன்டீன் மாஸ்டர் அதைக் காயவைக்க ஏறி இறங்கியதில் தகடு விரிசல் விட்டிருந்தது. மாஸ்டர் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தோம். சாரோ, மிளகாய் காயப்போட கேன்டீனுக்குப் பின்னால் ஒரு மேடை கட்டிக் கொடுத்தார்.

அப்போதுதான் மண்ணூர் பஸ் விவகாரம் வந்தது. ஜெனரல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் அந்த பஸ் தினமும் லேட். பாதி லைன் காலியாகக் கிடக்கும். டிரைவர் ஏழுமலையைக் கேட்டால் தலையைச் சொறிவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

“டிரைவரை மாத்திடலாம் சார்” என்றார் ஹெச்.ஆர். மேனேஜர்.

“இவரு போனா அடுத்த டிரைவரும் லேட்டாத்தான் வருவாரு. நான் போய்ப் பாக்கறேன்” என்றார் வேர்க்கடலை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மண்ணூர் ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஒரு ஆள்கூட ஏறவில்லை. எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் எதிரே தெருக்குழாயில் குடத்தோடு நின்றார்கள்.

“ஏம்பா, இத ஏன் சொல்லல?”

ஏழுமலை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொன்னா அதுங்க சம்பளத்துல கைய வெப்பீங்க சார். தண்ணி புடிக்காம எப்டி வருங்க?”

சார் இறங்கிக் குழாயடிக்குப் போனார். “தண்ணி ஏம்மா லேட்டு?”

“மோட்டார் போடற தனசேகரு இன்னும் வரல சார். சாவி அவராண்டதான் கீது.”

அந்நேரம் தனசேகர் பைக்கில் பறந்து வந்தார். எங்கள் கம்பெனி யூனிஃபார்ம். நைட் ஷிப்டில் எங்களிடமே வேலை பார்ப்பவர்! சாரைப் பார்த்ததும் பைக்கோடு சாயப் பார்த்தார்.

“நீ இன்னாபா லேட்டு?”

“நீங்க போடச் சொன்னீங்கன்னு ஷிப்டு முடிஞ்சதும் மீட்டிங்ல நிக்க வெக்கிறாங்களே சார்.”

“எதுக்கு மீட்டிங்?”

“மொதல்ல கண்ணாடி ஏன் உடைஞ்சு ஸ்கிராப்புக்குப் போவுதுன்னு. இப்போ ஒரு வாரமா... மண்ணூர் பஸ் ஏன் லேட்டுன்னு சார்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை. சார் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு, லாட்டரி அடித்தவர் மாதிரி ஒரு கத்தல்:

“கெடச்சிடுச்சும்மா! வேரு நான்தான்!”

அன்றே பிளான்ட் ஹெட் முன்னால் எழுந்து நின்று, பரிசு வாங்குகிறவர் முகத்தோடு அதை அறிவித்தார். ஹெச்.ஆர். மேனேஜர் குழம்பிப்போய், “அப்போ யாரை சார் மாத்தறது?” என்றார்.

“மீட்டிங்க மாத்துங்க. ஷிப்டு நடுவுல, டீ டைமுக்கு முன்னாடி.”

மறுநாளிலிருந்து பஸ் டாணென்று வந்தது. ஏழுமலையின் வேலை பிழைத்தது.

சார் வேறு ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. லைன் நின்றால் எனக்கு முதலில் வாய்க்கு வருவது ‘யாரு?’ என்ற கேள்விதான். விழுங்கிவிட்டு, ‘ஏன்?’ என்று கேட்கிறேன். அந்த மனுஷனுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?