மட்டைகளுக்குப் பெரட்டு வைத்தவர்

உலகத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எத்தனையோ கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் தன் மட்டைகளைக் காலையில் வரிசையாக நிறுத்திப் பெரட்டு வைத்த மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஊர்க்காரர். கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருக்கிறார். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்து போய்விட்டது. பெரட்டு மாஸ்டர் என்றால்தான் தெரியும்.

தேயிலைத் தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்ததும் தொழிலாளர்களை ஓரிடத்தில் கூட்டி, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. முந்தின நாள் வேலையில் குறை இருந்தால் அங்கே வைத்தே ஏச்சு விழும். நிறுவைக்குக் கொழுந்து போதவில்லையென்றால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்.

எங்கள் கிளப், லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது. அதன் பின்சுவரில் காலை மூடுபனி கலையும் முன்பே மாஸ்டரின் பதினான்கு மட்டைகளும் சாய்ந்து நிற்கும். குரங்குத் தொப்பியும் பழைய ஸ்வெட்டருமாக அவர் அவற்றின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்.

"ஏழாம் நம்பரு, நேத்து நல்லா வேல செஞ்ச. சந்தோசம். நீ என்னா மம்பட்டி, தலைய குனிஞ்சுக்கிட்டு நிக்கிற? மணலுக்குள்ள எறங்கச் சொன்னா மாமியா வீட்டுக்குப் போனவன் மாதிரி அங்கனயே ஒக்காந்துக்கிற. இன்னைக்கி ஒனக்கு அரைப்பேரு."

அரைப்பேர் வாங்கிய மட்டை அன்று காலைப் பயிற்சி முழுவதும் சுவரிலேயே நிற்கும். மற்றவை வேலைக்குப் போகும்.

எல்லா மட்டைக்கும் பதவி உண்டு. தூரம் அடிக்கும் தலை பெருத்த மட்டை, பெரிய தொரை, அதாவது தோட்டத்து மேலாளர். மணலில் இறங்குவது மம்பட்டி. குழிக்கு அருகே பந்தை மெல்லத் தள்ளும் சின்ன மட்டை, தொழிலாளர்களுக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளை. அரைப்பேர் அதிகம் வாங்கியது அந்தக் கணக்கப்பிள்ளைதான்.

"அது மேல மட்டும் என்ன அவ்வளவு கோபம், மாஸ்டர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு எத்தன கணக்கப்புள்ளைங்க அரைப்பேரு போட்டிருக்காங்க தெரியுமாங்க ஐயா? ஒரு கணக்கப்புள்ளைக்கி நான் போட்டுப் பாக்க வேணாமா?"

ஆட்டத்துக்கு இறங்கிவிட்டால் ஏச்சு இன்னும் உரக்க வரும். அடி தவறினால் மட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் குலம் கோத்திரத்தையே விசாரிப்பார். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"மாஸ்டரு, இன்னைக்கி யாரு மாட்டுனது?"

"பெரிய தொரதான் தாயி. தின்னுட்டுத் தூங்குறாரு."

"நல்லா கேளுங்க. எங்களுக்கும் சேத்துக் கேளுங்க."

மலை முழுவதும் சிரிக்கும். அவர் ஒருநாளும் மனிதர்களை ஏசியதில்லை. எதிராளி நன்றாக அடித்தால் எதிராளியின் மட்டைக்குச் சலாம் வைப்பார். கோபத்தில் மட்டையைத் தரையில் அடிக்கிறவர்களைக் கண்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "ஏசலாமுங்க. அடிக்கக் கூடாது. அது வேலக்காரன்" என்பார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹட்டனில் ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிளப்பின் ஒழுங்குக் குழுவில் வெகுகாலம் இருந்தேன். அங்கே ஆங்கிலத்தில்தான் பேசுவேன். என் பூர்வீகம் கண்டி டவுன் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நம்பியவர்களைத் திருத்தியதும் இல்லை. உண்மையில் நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்து அறையில். அம்மா கொழுந்து எடுத்தவள். மாஸ்டர் பெரட்டு வைக்கும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வராமல் உடம்பு கூசியதற்கு அதுதான் காரணம். அவர் வாயைத் திறந்தால் என் வீடு வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தேன். எழுபது வயது தாண்டியவனுக்கு இதைவிட அற்பமான பயம் இருக்க முடியாது.

அந்த நேரத்தில் ஒரு வில்லங்கம் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய வியாபாரி விருந்தாளியாக வந்து மாஸ்டருடன் ஆடினார். ஆள் கொஞ்சம் பருமன், தமிழ் தெரிந்தவர். அவர் பின்னால் நிற்பது தெரியாமல் மாஸ்டர், "தின்னு தின்னு தொப்பதான் வளந்திருக்கு, ஒரு முழம் நகர மாட்டேங்கிறியே" என்று ஏசிவிட்டார். விருந்தாளி சிவந்து போனார்.

மாஸ்டர் பதறிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயோ, ஒங்கள இல்லீங்க. பெரிய தொரையச் சொன்னேன்" என்றார்.

விருந்தாளியைச் சமாதானம் செய்ய எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

குழு கூடியது. ஏப்ரல் சீசனில் எங்கள் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி நடக்கவிருந்தது. அதில் மாஸ்டர் களத்தில் ஒரு சொல் உரக்கப் பேசினாலும் பயிற்சியாளர் வேலை போய்விடும் என்று முடிவானது. இந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். அவரோடு கூடவே நடந்து கண்காணிக்கவும் என்னையே போட்டார்கள். சொன்னவனே சுமக்க வேண்டும் என்பதுதானே வழக்கம்.

அவரிடம் போய்ச் சொன்னேன். மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு வார்த்த கூடவா?"

"ஒரு வார்த்த கூட."

"மெதுவா ஏசுனா?"

"மாஸ்டர், தயவு செஞ்சு."

மட்டையைக் கீழே வைத்தார். "ஐயா, எனக்கு வேற வேல தெரியாதுங்க. பந்து பொறுக்கப் போய் இதக் கத்துக்கிட்டேன். இந்த வயசுல யாரு என்னைய சேப்பாங்க? சரி. வாயக் கட்டிக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே கட்டிக்கொண்டு வந்தார். போட்டியன்று கம்பளி மஃப்ளரைத் தாடையோடு சேர்த்துத் தலைக்கு மேலே முடிச்சுப் போட்டிருந்தார். சுவரோரம் பெரட்டு நடந்தது, ஆனால் ஊமைப் பெரட்டு. மட்டைகள் நின்றன, அவர் நின்றார், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்க வீடு போல் இருந்தது.

அவரோடு கூட நடந்து எதிராளியாக ஆடியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள இளைஞர். அடி ஒவ்வொன்றும் துப்பாக்கி வெடித்தது போலப் போகும். மாஸ்டரோ முதல் குழியிலிருந்தே சொதப்பினார். ஒரு பந்து தேயிலைக்குள் போனது. இன்னொன்று கழிவறைக் கூரையில் விழுந்தது. ஏச முடியாத ஏச்செல்லாம் கையில் இறங்கி நடுக்கமாக வந்தது. மலையிலிருந்து பெண்கள் குரல் கொடுத்தார்கள்.

"என்னா மாஸ்டரு, பல்லு வலியா?"

அவர் தலையை இல்லையென்று ஆட்டினார். அது அவர்களுக்கு ஆமாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"கெராம்பு வச்சுக் கடிங்க. ரெண்டு நாள்ல வாங்கிரும்."

பாதி ஆட்டம் தாண்டியபோது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய தொரையைக் காதைப் பிடிப்பது போல் பிடித்துத் திருகினார். மம்பட்டிக்கு விரலை ஆட்டி எச்சரித்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்து முறைத்த முறைப்பில் எனக்கே வியர்த்தது. அதன் பிறகு பந்து நேராகப் போகத் தொடங்கியது.

அதே நேரத்தில் இளைஞருக்குச் சனி பிடித்தது. குளத்தோரக் குழியில் அவர் அடித்த பந்து தண்ணீருக்குள் போனது. இன்னொன்றை வைத்து அடித்தார். அதுவும் போனது. சிங்களத்தில் என்னவோ கத்திக்கொண்டு மட்டையையும் குளத்திலேயே வீசினார். நடுவரின் முகம் மாறியது.

மாஸ்டர் சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அந்தக் குளிரில் குளத்துக்குள் இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் துழாவி மட்டையை எடுத்து வந்தார். தன் ஸ்வெட்டரில் சேறு போகத் துடைத்து, இரண்டு கையாலும் இளைஞரிடம் நீட்டினார். வாய்தான் கட்டியிருக்கிறதே, ஒன்றும் சொல்லவில்லை. மட்டையின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார், அவ்வளவுதான். இளைஞர் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு நடுவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

கடைசிக் குழிக்கு வரும்போது, மலைக்காற்றில் தடுமாறிய மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் இவர்கள் இருவருக்கும் பின்தங்கிவிட்டார்கள். இளைஞர் முதலில் முடித்தார். மாஸ்டருக்கு ஓர் ஆள் நீளத் தூரத்தில் பந்து கிடந்தது. உள்ளே விழுந்தால் சமம், இன்னொரு குழி ஆடித் தீர்ப்பார்கள். விழாவிட்டால் தோல்வி.

அவர் கணக்கப்பிள்ளையோடு பந்தருகே நின்றார். பின்வாங்கினார். மறுபடி போய் நின்றார், மறுபடி பின்வாங்கினார். முறைத்துப் பார்த்தார். கணக்கப்பிள்ளை அந்த முறைப்புக்கெல்லாம் பழகிவிட்டது போலிருந்தது. மஃப்ளருக்கு மேலே தெரிந்த கண்கள் என் பக்கம் திரும்பின. இருமலை அடக்குகிறவனின் கண்கள் அவை. அந்த வாயைக் கட்டியவன் நான்.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. அது வங்கி மேலாளர் குரல் இல்லை.

"டேய் கணக்கப்புள்ள. யாரு வயித்துல அடிச்சுடா நீ இம்புட்டு நாளா மேனி வளத்த? இன்னைக்கி ஒழுங்கா வேல செய்யல, அரைப்பேரு கெடையாது, பேரே கெடையாது. பொட்டிய கட்டிக்கிட்டு எறங்கு மலைய விட்டு."

அம்மா அடுப்படியில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு ஏசிய ஏச்சு அது. கிளப் தலைவர், விருந்தாளிகள், புகைப்படக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மலையிலிருந்து யாரோ ஒரு பெண், "அப்புடிப் போடுங்க" என்றாள்.

நடுவர் விரைந்து வந்தார். இளைஞரிடம், இடைஞ்சலாக இருந்ததா, முறைப்பாடு ஏதும் உண்டா என்று கேட்டார். அவர் முறையிட்டிருந்தால் வெளியாள் ஒருவன் போட்டிக்குள் தலையிட்டதாகப் பெரிய பிரச்சினை ஆகியிருக்கும். இளைஞர் என்னைப் பார்த்தார், மாஸ்டரின் ஈரக் காற்சட்டையைப் பார்த்தார்.

"மட்ட முக்குத் எஹுனே நே" என்றார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

மாஸ்டரின் தோள் குலுங்கியது. மஃப்ளருக்குள் சிரிக்கிறார் என்று தெரிந்தது. இந்த முறை பின்வாங்கவில்லை. மெல்லத் தள்ளினார். பந்து நேராகப் போய்க் குழியின் விளிம்பைத் தொட்டு, அரை வட்டம் சுற்றி, வெளியே நின்றுகொண்டது.

தோற்றுவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏச்சுக்காகக் காத்திருந்தார்கள். அவர் இளைஞரிடம் போய் அவர் கையைப் பிடித்து உயரே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். முதலில் கை தட்டியது மலைதான்.

அன்று மாலையே குழு கூடியது. மாஸ்டர் பேசினாரா என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

"ஒரு சொல் பேசவில்லை."

"களத்தில் சத்தம் கேட்டதே?"

"அது நான்."

அந்தத் தடைக்கு யோசனை சொன்னவனே களத்தில் கத்தியதால் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மாஸ்டரின் வேலை தப்பியது. தடையை விட்டுவிட்டார்கள், என்னையும் குழுவிலிருந்து விட்டுவிட்டார்கள். இரண்டும் நல்லதுதான்.

வெளியே வந்தபோது மாஸ்டர் வாசலில் காத்திருந்தார். மஃப்ளர் அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. பாதை வரைக்கும் சேர்ந்து நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. எந்தத் தோட்டமுங்க?"

அத்தனை வருடக் கிளப் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். டிவிஷனைச் சொன்னேன், லயத்தைச் சொன்னேன், அம்மாவின் பெயரையும் சொன்னேன். அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே, என் முழங்கால் வலிக்கு ஏற்றபடி மெதுவாக நடந்து வந்தார்.