மேண்டிலுக்கு மஞ்சள் வைத்த கதை

செமோர்,
1926, ஆவணி, சனிக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் அர்ச்சுனன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் ராமையா எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் அக்காள் இருளாயி, மகள் நவமணி மூவரும் சுகம், நீங்கள் அனுப்பிய விளக்குத்தான் சுகமில்லை. அவ்விடம் ஈப்போவில் உங்கள் விளக்குக் கடை நன்றாக நடக்கட்டும்.

பாகான் செராய் நெல் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ஜெயபாலன், தகப்பனார் சீனிக் கங்காணியோடு வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் நவமணியைப் பெண் பார்க்க வருகிறார் என்றதும், வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று உங்களிடம் ஒரு காஸ் விளக்குக் கேட்டேன். நீங்களோ விளக்கோடு இரண்டு மேண்டிலும் ஒரு நீளக் கடுதாசியும் அனுப்பினீர்கள். நம் ஊர் ஈயம் தோண்டும் லம்பத்தில் கழித்துக் கொட்டும் கறுப்பு மணலில்கூடத் தோரியம் இருக்கிறதாம், அதைத் திராவகம் விட்டுப் பிரித்து நைட்ரேட் என்ற உப்பாக்குவார்களாம், அந்த உப்பில் ஊறவைத்த வலைதான் மேண்டிலாம், கொளுத்தினால் நூல் எரிந்து ஆக்ஸைடு என்ற வெள்ளைச் சாம்பல் கூடாக நிற்குமாம், அதுதான் வெளிச்சம் தருமாம். எல்லாம் சரி மச்சான், தண்ணீரில் போடாதே என்று ஒரு வரி எழுதினால் கை ஒடிந்தா போகும்?

உங்கள் அக்காளுக்கு அது புதுத்துணி. மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்திய பழக்கம் அவளுக்கு உண்டா? ஒரு முனையில் வைத்தால் போதாதென்று ஒரு மேண்டிலை முழுசாக மஞ்சள் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டாள். உப்பெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று. நான் அதை விளக்கில் கட்டிக் கொளுத்தினால், கந்தல் எரிவது போல எரிந்து ஒன்றுமில்லாமல் போனது. அடுத்ததை அவள் கண்ணில் காட்டாமல் கட்டிக் கொளுத்தினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும்படி வெளிச்சம். வருகிறவர்கள் முன்னால் ஏற்றலாமென்று அணைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்புவதற்குள், பொட்டில்லாமல் விளக்கேற்றலாமா என்று குங்கும விரலை அந்தச் சாம்பல் கூட்டிலேயே வைத்திருக்கிறாள். அது அவள் கையிலிருந்த தாம்பாளத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

ஆகவே சிம்னி விளக்கில்தான் பெண் பார்த்தார்கள், அதாவது பார்க்கவில்லை. சீனிக் கங்காணி பக்திமான். தாம்பாளத்தில் கிடந்ததை எடுத்து நெற்றி நிறையப் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயில் திருநீறு இது?" என்றார். "ஈப்போவுல தம்பி கடையில வாங்கினதுங்க" என்றாள் உங்கள் அக்காள். கதவுக்குப் பின்னால் நின்ற நவமணி அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள், சின்னச் சிரிப்பல்ல, வீடே அதிர்கிற சிரிப்பு. காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். பெண் பார்க்கும்போது சிரிக்கிற பெண்ணை யார் கட்டுவார்கள்? ஒரே மகள், மச்சான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடுதாசி கண்டதும் வந்து விளக்கை எடுத்துப் போய்விடுங்கள். தோரியம் என்ற பேச்சே இனி இந்த வீட்டில் வேண்டாம். மற்றபடி உங்கள் பெண்டுபிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்க முருகன் துணை.

இப்படிக்கு,
மனம் நொந்த
ராமையா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், வாசலில் ஜெயபாலன் நிற்கிறார். ராத்திரி செமோரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்களாம். "மாமா, முகம் சரியாத் தெரியல. சிரிச்சது கேட்டுச்சு. அது போதும், தேதி பாருங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். விளக்கை எடுக்க வர வேண்டாம். தை மாதம் மணப்பந்தலில் அவள் முகத்தை அவர் நன்றாகப் பார்க்க வேண்டும், ஒரு டஜன் மேண்டில் கொண்டுவாருங்கள்.